கடைசி ஆளாக நடந்தவர்

எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் நேராக உள்ளே வரமாட்டார். வாசலில் கிடக்கும் செருப்புகளைத்தான் முதலில் பார்ப்பார். என்னுடையது ஒன்று கவிழ்ந்து கிடக்கும். மகனுடைய பூட்ஸ் படியில் குறுக்கே கிடக்கும். குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து, சுவர் ஓரமாக, தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பார். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து உட்காருவார். அதுவும் வாசல் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து.

என் மனைவிக்குச் சிரிப்பு வரும். "வந்த கால் நிக்கல, அதுக்குள்ள போற வழியப் பாக்குறாக ஒங்க அண்ணாச்சி" என்று அவர் காதில் விழும்படியே சொல்லுவாள். "நீ காப்பியக் கொண்டா தாயி, குடிக்காமப் போக மாட்டேன்" என்பார் அவர்.

நான் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியில் அவர்தான் போர்மேன். பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற வேலை எனக்கு. பதினெட்டு வருஷம் அவருக்குக் கீழே இருந்தேன். செட் என்று நாங்கள் சொல்லுகிற மருந்து அறைக்குள் யாரும் செருப்போடு போகக்கூடாது. வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்காகப் பதித்திருக்கிற செம்புத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். ஒரு செட்டுக்கு நாலு பேர்தான். அதற்கு மேல் ஒரு ஆள் கூடாது.

செருப்பைத் திருப்பி வைக்கிற வழக்கம் எப்படி வந்தது என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அவர் இருபது வயதில் வேலை பார்த்த இடத்தில் தீப்பிடித்து எல்லாரும் ஓடி வந்தார்களாம். வாசலில் குவிந்து கிடந்த செருப்பில் தடுக்கி ஒரு பிள்ளை விழுந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.  அன்றிலிருந்து வாசல் நடுவில் செருப்பு கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

காலையில் செட் செட்டாக வருவார். உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார். "நாலு பேரு இருக்கிற எடத்துல அஞ்சாவது ஆளா நான் எதுக்கு?" என்பார். வெளியே கிடக்கும் செருப்புகளை ஒழுங்கு பண்ணிக்கொண்டே எண்ணிவிடுவார். நாலு ஜோடி இருந்தால் நாலு பேர் உள்ளே. யாருடைய செருப்பு எது என்று அத்தனையும் அவருக்குத் தெரியும். யாருக்குக் குதிகால் தேய்கிறது, யார் வீட்டில் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார்கள் எல்லாம் தெரியும்.

என்னோடு ஒரே செட்டில் வேலை பார்க்கிற பாண்டியம்மாளின் செருப்பில் வார் அறுந்து, ஊக்கு மாட்டியிருந்தாள். மருந்து இருக்கிற இடத்தில் இரும்பு ஊக்கா? அவர் அந்த ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வெளியே வந்த பாண்டியம்மாள் செருப்பைக் காணாமல் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். எடுத்தவன் கை விளங்காமல் போகட்டும் என்று திட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சத்தம் வந்தது. "கையி இன்னும் நல்லாத்தான் இருக்கு தாயி. இந்தா, தச்சிக் கொண்டாந்துட்டேன்." பாண்டியம்மாள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அந்தச் சாபத்தைச் சொல்லிச் சொல்லி அவள் பின்னாளில் அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்குக் கோபம் வரும். மேனேஜரும் அவரைப் பார்த்துச் செருப்பை எண்ணப் பழகிக்கொண்டார். அதனால் எங்களில் சில பேர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நழுவுவோம். கம்பெனி கேட் பக்கம் போய்ப் போன் பேசிவிட்டு வருவோம். "இன்னைக்கு என் செருப்பு வேலை பாக்கட்டும்" என்று எங்களுக்குள் கேலி வேறு. அவர் கண்ணில் பட்டால் தொலைந்தோம். வையமாட்டார். அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஆள் இருக்கிற இடம் வரைக்கும் நடந்து வந்து, காலடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் போவார். அதற்கு அவர் வைதிருந்தாலே தேவலை.

என் மனைவிக்கு ஆபரேஷன் ஆனபோது பொதிகை மலை ஏறி அகத்தியரைக் கும்பிட வருவதாக நேர்ந்துகொண்டேன். கேரளா பக்கமிருந்துதான் ஏற வேண்டும். போக வர மூன்று நாள். தனியாகப் போக முடியாது. அவரும், எங்களை வேலைக்கு ஏற்றி வருகிற வேன் டிரைவர் கருப்பசாமியும், அச்சாபீசில் கட்டிங் மிஷினில் இருக்கும் முத்துராசும் கூட வந்தார்கள். விருதுநகரில் ரயில் ஏறினோம். ஆளுக்கொரு முதுகுப் பை. சாத்தூர் சேவு, புளிச்சோறு, மிளகாய்ப்பொடி, எண்ணெய், கம்பளி. அட்டை கடிக்கும் என்று உப்புப் பொட்டலமும் வைத்திருந்தோம்.

காட்டுக்குள் நுழைந்ததும் அவர் ஒதுங்கி நின்று எங்கள் மூன்று பேரையும் முன்னால் விட்டார். "நீங்க போங்க, நான் பின்னால வாரேன்" என்றார். மூன்று நாளும் அப்படியேதான். யாராவது மூச்சு வாங்க நின்றால் அவரும் நிற்பார். முந்த மாட்டார். "ரயிலுக்குக் கடைசிப் பெட்டியில கார்டு வாரது மாதிரில்ல வாராரு அண்ணாச்சி. கொடிதான் இல்ல" என்றான் கருப்பசாமி. அடுத்த ஏற்றத்தில் அவர் தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்து ஆட்டினார். "வண்டி கெளம்பலாம்." அந்த ஏற்றத்துக்கு முட்டிடிச்சான் என்று பேர். ஏறும்போது முழங்கால் வந்து நெஞ்சில் இடிக்கும். அவர் துண்டை ஆட்ட ஆட்டச் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டோம்.

நடுவில் தங்குகிற கொட்டகையில் எங்கள் நாலு பேர் ஷூவும் வரிசையாக, வெளியே பார்த்து நின்றது. மற்ற கூட்டத்துக்காரர்களுடையதையும் சேர்த்து அடுக்கிவிட்டார்.

மறுநாள் உச்சிக்குப் போகிற வழியில் பாறைகளில் கயிறு கட்டியிருப்பார்கள். அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். முதல் கயிற்றிலேயே கருப்பசாமிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அவனைத் தனியாக விடமாட்டேன் என்று அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நானும் முத்துராசும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். "எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார். முத்துராசு சொல்லத் தெரியாமல் முழித்தான். "சரி விடு, அடுத்த வருசம் நானே பாத்துக்கிடுறேன்" என்றார்.

அடுத்த வருஷம் அவருக்காகவே போனோம். அந்தத் தடவை நடந்ததை நான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

கொட்டகையில் விடிகிற நேரம். குளித்துச் சுத்தமாக மலை ஏற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சாமி காரியத்துக்குப் போகையில் தோல் ஷூவைத் தொட மனசில்லாமல் வெறுங்காலோடு ஓடைக்கு இறங்கிவிட்டேன். கம்பளி சுருண்டு கிடந்தது. ஷூ வரிசையில் இருந்தது. அந்தப் பக்கம் யானை வந்திருக்கிறது, ஆட்கள் எல்லாம் இருக்கிறார்களா என்று வழிகாட்டி வந்து கேட்டிருக்கிறார். இவர் ஷூக்களைப் பார்த்துவிட்டு, நாலு பேரும் உள்ளே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டார். வழிகாட்டி நம்பாமல் கம்பளியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

நான் ஈர வேட்டியோடு மேலே ஏறி வரும்போது அவர் எதிரே ஓடி வந்தார். கையில் என் ஷூ. முகம் வெளுத்துக் கிடந்தது. எனக்குப் பக்கத்தில் வந்து ஷூவைக் கீழே வைத்தார். அதையும் வழியைப் பார்த்துத்தான் வைத்தார்.

"ஏலே சம்முகம். செருப்பு அங்கன கெடந்தா நீ உள்ள இருக்கன்னுதானல நான் நெனைப்பேன்."

இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன், சாமி சத்தியம் என்றேன். "சத்தியமெல்லாம் வேண்டாம். எங்க போனாலும் செருப்பப் போட்டுட்டுப் போ. அம்புட்டுத்தான்" என்றார்.

அன்றைக்கு வெறும் வயிற்றோடு ஏறியதாலோ என்னவோ, உச்சிக்குக் கொஞ்சம் கீழே எனக்குத் தலை சுற்றிக் கண் இருட்டியது. அவர் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மேலே கடைசிப் பாறை கண்ணுக்குத் தெரிகிறது. நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் போய்வாருங்கள் என்று கெஞ்சினேன். "மலை அங்கனதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கும்போதும் எனக்குப் பின்னால்தான்.

அவரை அந்தக் கடைசிக் கயிற்றில் முதல் ஆளாக ஏற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இது வேண்டுதல் இல்லை. ஆனால் வேண்டுதலைவிட அதிகமாக மனசில் இருந்தது.

மலைக்குப் பாஸ் போனில்தான் போட வேண்டும். குறித்த நாளில் காலை பதினோரு மணிக்குத் திறப்பார்கள். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். இந்த வருஷம் அந்த நாள் வேலை நாளாகப் போய்விட்டது. செல்போனைக் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்கு வர வேண்டும். புது ஆர்டர் ஆரம்பித்த நேரம், மேனேஜர் யாரையும் வெளியே விடுவதாக இல்லை. அவரிடம் கேட்டால் வேண்டாம் என்பார். பாஸைக் கையில் வைத்துக்கொண்டு போய், "இந்தாங்க அண்ணாச்சி, இந்தத் தடவை நீங்கதான் முன்னால" என்று சொல்ல எனக்கு ஆசை.

பாண்டியம்மாளிடம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்தேன். வாசலில் செருப்பில் கால் நுழைத்தேன். பிறகு, மேனேஜர் எண்ணினால் நாலு ஜோடி இருக்க வேண்டுமே என்று காலை எடுத்தேன். வெளியே பார்த்து, சுவர் ஓரமாக, அவர் வைத்த மாதிரியே அது இருந்தது. விட்டுவிட்டு நடந்தேன்.

பாஸ் கிடைத்துவிட்டது. நாலு பேர் பேரும் வரிசையாக வந்தது. உடனே திரும்பியிருக்கலாம். சந்தோஷத்தில் வாட்ச்மேனுக்கு மலைப் படத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். கயிறு இதுதான், பாறை இதுதான் என்று விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது.

நடந்ததைப் பாண்டியம்மாள்தான் சொன்னாள். முதலில் சின்னதாகத்தான் பிடித்திருக்கிறது. எங்கள் செட்டில் இருந்த பெண்கள் மூன்று பேரும் வெறுங்காலோடு ஆளுக்கொரு வாசலாக ஓடிவிட்டார்கள். அவர் ஓடி வந்து மூன்று பேரையும் வேப்பமரத்துக்கு அப்பால் தள்ளிவிட்டு, சம்முகம் எங்கே என்று கேட்டிருக்கிறார். தண்ணீர் குடிக்கப் போனார், வந்துவிட்டாரா தெரியவில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் திரும்பி வாசலைப் பார்த்திருக்கிறார். அங்கே நாலு ஜோடி இருந்தது. என் பேரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாராம். ஒரே புகை. பதில் இல்லை. உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் நான் கேட்ட சத்தம்.

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். மறுநாள்தான் என்னை உள்ளே விட்டார்கள். பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். கண்ணுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"வந்துட்டியா" என்றார். பிறகு, "எந்த வழியா வந்த?" என்றார்.

நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.  "பின்வாசல் வழியா வந்துட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "நல்லவேளை. அந்தக் கதவுக்கு முந்தாநாத்துத்தான் எண்ணெய் போட்டேன்" என்றார். என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது. மறுநாள் விடியும்போது போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த எல்லாரிடமும் அவர் மனைவி இதையே சொன்னார்கள். "அவுக எண்ணெய் போட்டு வச்ச கதவாலதான் சம்முகம் அண்ணன் பொழச்சாக. அது ஒண்ணு போதும் எனக்கு." நான் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவன் நான். பதினாறு நாளும் விளக்குக்கு முன்னால் நிற்க முடியவில்லை. சாமியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. செருப்பை விட்டுவிட்டுப் போகச் சொன்னது சாமி இல்லை.

பாஸைக் கேன்சல் பண்ணிவிடலாம் என்றேன். அவர் மனைவிதான் கூடாது என்றார்கள். "அவுக பேரும் அதுல இருக்குல்ல. போயிட்டு வாங்க."

போனோம். செக்போஸ்டில் ஒவ்வொரு பேராக வாசித்தார்கள். அவர் பேர் வந்தது.  கருப்பசாமி, "பின்னால வாராரு சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஃபாரஸ்ட்காரர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, வழியை விட்டார்.

நான் கடைசியில் நடந்தேன். அவர் இடத்தில் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. முன்னால் போகிறவர்கள் கால் வைக்கும் இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மலையைப் பார்க்க நேரமே இருக்காது. இரண்டு வருஷமும் அவர் மலையைப் பார்க்கவே இல்லை. எங்கள் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

கடைசிக் கயிற்றுக்குக் கீழே முத்துராசு நின்றுவிட்டான். "அண்ணாச்சி மொதல்ல போகட்டும்" என்றான். மூன்று பேரும் ஒதுங்கி நின்றோம். காற்றில் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் ஏறி முடிக்கிற நேரம் வரைக்கும் நின்றோம். பிறகு ஏறினோம். உச்சியில் கை கூப்பினேன்.  பொய்யை வைத்துக்கொண்டு எதைக் கேட்பது? ஊருக்குப் போனதும் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஓடைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து அச்சடித்த டைரித் தாள்களைப் பாரம் பாரமாக மடித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிலை வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்து, மறுபடி மடிக்க உட்கார்ந்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன். தண்ணீர் குடிக்கப் போகவில்லை, பின்வாசல் வழியாக வரவில்லை, செருப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனேன். எல்லாம் சொன்னேன். பாதியில் அவர்கள் கை நின்றுவிட்டது.

கையில் இருந்த தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். "ஆஸ்பத்திரியில அவுக கேட்டப்ப ஏன் அப்பிடிச் சொன்னீக?"

"பயந்துட்டேன் தாயி."

"எனக்கா? அவுகளுக்கா?"

 அவர்கள் மடித்த பாரங்களை அடுக்கி ஓரமாக வைத்தார்கள். "அவுக அதைக் கேட்டு நிம்மதியாப் போனாக. எனக்கு இனிமே அதுவும் இல்ல" என்றார்கள். குரல் உயரவில்லை. பிறகு, இன்னும் அங்கே செருப்பை விட்டுவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். இருக்கிறார்கள் என்றேன். "அப்ப எல்லாருக்கும் தெரியுற மாதிரி எழுதுங்க. அவுக பேரு மட்டும் வேண்டாம். பிள்ளைக படிக்கும்" என்றார்கள்.

அதனால்தான் எழுதினேன். அதனால்தான் பேர் இல்லை.

நான் கிளம்பும்போது அவர்கள் எனக்கு முன்னால் எழுந்து வாசலுக்குப் போனார்கள். வந்த அவசரத்தில் நான் செருப்பை வீட்டைப் பார்த்துக் கழற்றிப் போட்டிருந்தேன். அதே செருப்புதான். அன்றைக்கு அதற்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் குனிந்து இரண்டையும் எடுத்து, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்கள்.

போய்விடு என்று வைத்தார்களா, பத்திரமாகப் போ என்று வைத்தார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. போட்டுக்கொண்டு நடந்தேன்.